அயனி மண்டலத்தின் வரவு செலவு: சூரியன் எழுதும் கணக்கு

மத்திய அலை வானொலியை இரவில் திருகிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பகலில் பக்கத்து நிலையங்கள் இரண்டு மூன்று மட்டும் கேட்கும் அதே பெட்டியில், இருட்டிய பிறகு பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும். மொழிகூடப் புரியாது. பெட்டி மாறவில்லை, ஏரியல் மாறவில்லை, அந்த நிலையங்களும் ராத்திரிக்கென்று கூடுதல் சக்தியோடு ஒலிபரப்புவதில்லை. மாறியது நம் தலைக்கு மேலே 70, 80 கிலோமீட்டர் உயரத்தில். பகல் முழுக்க அங்கே இருந்த ஒன்று, பொழுது சாய்ந்ததும் காணாமல் போய்விட்டது.

அதற்குப் பெயர் டி அடுக்கு. அயனி மண்டலத்தின் அடித்தட்டு அது.

அயனி மண்டலம் என்பது தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் தொடங்கி 1,000 கிலோமீட்டர் வரைக்கும் நீளும் பகுதி. அங்கே காற்று மிக மெல்லியது. சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அந்தக் காற்றின் அணுக்களில் மோதி எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிகின்றன. எலக்ட்ரானை இழந்த அணு அயனி ஆகிறது. பிய்ந்த எலக்ட்ரான் தன்பாட்டுக்கு அலைகிறது. அங்குள்ள காற்று முழுவதும் இப்படி உடைந்து கிடப்பதாக நினைத்துவிட வேண்டாம். எலக்ட்ரான்கள் மிக அடர்த்தியாக இருக்கும் 300 கிலோமீட்டர் உயரத்தில்கூட, ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கில்தான் அயனிகள் உண்டு. ஆனால் ரேடியோ அலையை வளைத்துத் திருப்பி அனுப்ப அந்தக் கொஞ்சமே போதும்.

இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியவந்த கதையே சுவையானது. 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருந்து அனுப்பப்பட்ட ரேடியோ சைகையை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். இடையே 3,400 கிலோமீட்டர். ரேடியோ அலை நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. அப்படியானால் எப்படி வளைந்து வந்தது? மேலே மின்சாரத்தைக் கடத்தும் ஓர் அடுக்கு இருந்து அலையைத் திருப்பி விட்டிருக்க வேண்டும் என்று 1902இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியாகச் சொன்னார்கள். அதே ஆண்டில் மார்க்கோனி ஒரு கப்பலில் போகும்போது இன்னொன்றையும் கவனித்தார். இரவில் 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் எட்டிய சைகை, பகலில் சுமார் 1,100 கிலோமீட்டரோடு நின்றுபோனது. நம் மத்திய அலைப் பெட்டி சொல்லும் அதே செய்தி. (இதனால்தான் பட்டப்பகலில் நடந்த அந்த 1901 சோதனையில் அவர் உண்மையிலேயே எதையாவது கேட்டாரா, வெறும் இரைச்சலைக் கேட்டாரா என்று இன்றைக்கும் சிலர் சந்தேகப்படுகிறார்கள். அவருக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம்: அப்போது சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியிலேயே மிக அமைதியான கட்டத்தில் இருந்தது, அதனால் பகலில் அலையை விழுங்கும் டி அடுக்கும் மெலிந்திருக்கும்.)

1924இல் எட்வர்ட் ஆப்பிள்டன் அந்த அடுக்கின் உயரத்தை அளந்து காட்டினார். இரண்டு ஆண்டுகளில் அதற்கு மேலே இன்னொரு அடுக்கும் இருப்பதைக் கண்டார். முதல் அடுக்குக்கு அவர் கொடுத்த பெயர் 'இ'. அங்கிருந்து திரும்பி வரும் அலையின் மின்புலத்தை அவர் அந்த எழுத்தால் குறித்துவந்தார், அவ்வளவுதான். மேலே கண்டதற்கு 'எஃப்'. கீழேயும் ஏதாவது அகப்படலாம் என்று முன்னால் உள்ள எழுத்துகளை விட்டுவைத்தார். அதனால்தான் அயனி மண்டலத்தின் பெயர்கள் 'ஏ'யில் தொடங்காமல் 'டி'யில் தொடங்குகின்றன. இந்த வேலைக்காக 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அடுக்குகள் ஏன் உண்டாகின்றன? பாடப்புத்தகப் படங்களில் வெங்காயத் தோல் போல வட்ட வட்டமாக வரைந்திருப்பார்கள். அந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் அப்புறம் எதுவும் சரியாகப் புரியாது என்பது என் கருத்து. இவை நிலையான தட்டுகள் அல்ல. ஒவ்வோர் உயரத்திலும் நடப்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. சூரியக் கதிர் புதுப்புது எலக்ட்ரான்களை உண்டாக்கிக்கொண்டே இருப்பது வரவு. எலக்ட்ரானும் அயனியும் மறுபடி ஒட்டிக்கொண்டு சாதாரணக் காற்றாவது செலவு. எந்த நேரத்தில் பார்த்தாலும் கையிருப்பு எவ்வளவோ அதுதான் அந்த நேரத்து அடுக்கு.

வரவு எங்கே அதிகம்? மிக உயரத்தில் கதிர் ஏராளம், அடிபடக் காற்று இல்லை. மிகத் தாழ்வில் காற்று ஏராளம், ஆனால் வரும் வழியிலேயே கதிர் தீர்ந்துபோயிருக்கும். நடுவில் ஓர் உயரத்தில்தான் இரண்டும் போதிய அளவு சந்திக்கும். சிட்னி சாப்மன் 1931இல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார். சூரியனிடமிருந்து வருவது ஒரே வகைக் கதிராக இருந்திருந்தால் ஒரே ஒரு அடுக்கோடு கதை முடிந்திருக்கும். ஒவ்வொரு அலைநீளமும் காற்றுக்குள் வெவ்வேறு ஆழம் வரை ஊடுருவுகிறது. அதனால் பல அடுக்குகள்.

செலவுப் பக்கத்தில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது.

டி அடுக்கு ஓர் அன்றாடங்காய்ச்சி. 60 முதல் 90 கிலோமீட்டர் வரையிலான அந்த உயரத்தில் காற்று ஒப்பீட்டளவில் அடர்த்தியாக இருப்பதால், பிய்ந்த எலக்ட்ரான் வெகுநேரம் தனியாகத் திரிய முடியாது. யாராவது பிடித்துக்கொள்வார்கள். காலையில் சூரியன் வந்ததும் சம்பாத்தியம், மாலையில் சூரியன் போன சில நிமிடங்களிலேயே கை காலி. சாதாரண நாட்களில் இந்த அடுக்குக்குப் படியளப்பது லைமன் ஆல்ஃபா எனப்படும் 121.6 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். அது காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனையோ ஆக்சிஜனையோ உடைக்கும் அளவு வலுவானதல்ல. அங்கே மிகச் சிறிதளவே இருக்கும் நைட்ரிக் ஆக்சைடை மட்டும் உடைக்கிறது. அதனால் டி அடுக்கில் வரவே சொற்பம்.

ரேடியோ அலைக்கு டி அடுக்கு நண்பன் அல்ல. அலை உள்ளே வந்ததும் அங்குள்ள எலக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கு ஆடத் தொடங்கும். ஆடி முடித்து அந்த ஆற்றலை அலைக்கே திருப்பித் தருவதற்குள் பக்கத்துக் காற்று மூலக்கூறில் மோதிவிடும். அலையின் ஆற்றல் வெப்பமாகிப் போகும். அதிர்வெண் குறைந்த அலைகளுக்குத்தான் இந்த நஷ்டம் அதிகம். மத்திய அலை பகலில் இங்கே மாட்டிக்கொள்கிறது. இரவில் வழி திறந்துவிடுவதால் மேலே உள்ள அடுக்குகளைத் தொட்டுத் திரும்பி வருகிறது.

இ அடுக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 110 கிலோமீட்டரில் உச்சம், மென்மையான எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் வரவு, இரவில் மிகவும் மெலிந்துவிடும் ஆனால் முழுக்க மறையாது.

எஃப் அடுக்கு வேறு மாதிரி. பகலில் இது எஃப்1, எஃப்2 என்று இரண்டாகப் பிரிந்திருக்கும், இரவில் ஒன்றாகிவிடும். எஃப்2இன் உச்சம் 250 முதல் 400 கிலோமீட்டருக்குள் எங்காவது இருக்கும். இங்கே அயனியாவது பெரும்பாலும் ஒற்றை ஆக்சிஜன் அணு. ஒற்றை அணு அயனிக்கு ஒரு விசித்திரம்: எலக்ட்ரானை நேரடியாகச் சேர்த்துக்கொள்வது அதற்கு மிகமிகக் கடினம். முதலில் அது ஒரு நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் மூலக்கூறைச் சந்தித்து மூலக்கூறு அயனியாக மாற வேண்டும். அதற்குப் பிறகுதான் எலக்ட்ரான் எளிதாக ஒட்டும். அந்த உயரத்திலோ மூலக்கூறுகள் அரிது. ஆகவே செலவு மெதுவாகத்தான் நடக்கிறது. பகலில் சம்பாதித்ததை வைத்தே ராத்திரியை ஓட்டிவிடும் ஆள் எஃப்2. விடிவதற்குச் சற்று முன்புதான் கையிருப்பு அடிமட்டத்துக்கு வரும்.

இந்த அடுக்கில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10 லட்சம் எலக்ட்ரான் இருந்தால், நேர் மேலே அனுப்பப்படும் 9 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை திரும்பி வரும். அதற்கு மேற்பட்டது துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். எலக்ட்ரான் நான்கு மடங்கானால் இந்த எல்லை இரண்டு மடங்காகும். நேராக அனுப்பாமல் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக அனுப்பினால் எல்லை ஏறக்குறைய மூன்று மடங்கு உயரும். சிற்றலை ஒலிபரப்பு கண்டம் தாண்டுவது இந்தக் கணக்கில்தான்.

இனி சூரியன் பக்கம் வருவோம். அதன் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. புள்ளிகள் நிறைந்த காலத்துக்கும் இல்லாத காலத்துக்கும் இடையே சூரியனின் மொத்த ஒளியாற்றல் எவ்வளவு மாறும் என்று நினைக்கிறீர்கள்? வெறும் 0.1 சதவீதம். நமக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் அயனி மண்டலத்துக்குத் தீனி போடும் அதிதீவிரப் புற ஊதாக் கதிர் இரண்டு மடங்குக்கு மேலும் ஏறி இறங்கும். எக்ஸ் கதிர் இன்னும் பல மடங்கு. சூரியனின் எந்தப் பகுதி நம் கண்ணில் படாதோ, அதுதான் அதிகம் ஆடுகிறது.

அதனால் கரும்புள்ளி உச்சத்தில் எஃப்2 அடுக்கின் வரவு கொழுத்துவிடும். சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் மாதக்கணக்கில் மௌனமாகக் கிடக்கும் 28 மெகாஹெர்ட்ஸ் பட்டை, உச்ச ஆண்டுகளில் உயிர்பெறும். ஒரு சின்ன பல்பு எரியும் சக்தியை வைத்துக்கொண்டு அமெச்சூர் வானொலிக்காரர்கள் கடல் கடந்து பேசுவார்கள். 2019 டிசம்பரில் முடிந்த தாழ்வுக்குப் பிறகு வந்த இப்போதைய சுழற்சி 2024 அக்டோபர் வாக்கில் உச்சத்தைத் தொட்டது. சூரியன் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அவர்கள் தினமும் எட்டிப் பார்க்கும் எண், சூரியனிலிருந்து 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வரும் ரேடியோ ஒளியின் அளவு. 1947 முதல் கனடாவில் விடாமல் அளந்துவருகிறார்கள். அமைதியான நாளில் 70க்கு அருகே இருக்கும் இந்த எண், உச்சத்தில் 200ஐத் தாண்டும். புற ஊதாக் கதிரைத் தரையிலிருந்து அளக்க முடியாது, வளிமண்டலம் விடாது. மேகம் மறைத்தாலும் இந்த ரேடியோ ஒளி வந்து சேரும், புற ஊதாவோடு கிட்டத்தட்ட ஒத்து ஏறி இறங்கும்.

இதுவரை சொன்னது மெல்ல நடக்கும் மாற்றம். திடீர் மாற்றங்கள் மூன்று விதமாக வருகின்றன, மூன்றும் வெவ்வேறு நேரத்தில் வருகின்றன.

முதலில் வருவது ஃபிளேர் எனப்படும் சூரிய ஒளிவெடிப்பு. கரும்புள்ளிக் கூட்டத்துக்கு மேலே முறுக்கேறிக் கிடக்கும் காந்தப்புலம் அறுந்து வேறு விதமாக இணையும்போது எக்ஸ் கதிர் பீறிடுகிறது. ஒளியின் வேகத்தில் எட்டே கால் நிமிடத்தில் இங்கே வந்துவிடும். அதாவது, வெடித்தது நமக்குத் தெரியும் நொடியே பாதிப்பும் தொடங்கும் நொடி. முன்னெச்சரிக்கைக்கு வழியே இல்லை. இந்தக் கடின எக்ஸ் கதிர் மேல் அடுக்குகளைப் பெரும்பாலும் கடந்து நேரே டி அடுக்கில் இறங்கும். நைட்ரிக் ஆக்சைடுக்காகக் காத்திராமல் நைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாவற்றையும் உடைக்கும். அன்றாடங்காய்ச்சிக்கு லாட்டரி விழுந்த மாதிரி. டி அடுக்கு தடிக்க, வழக்கமாக அதைத் தாண்டிப் போய்வரும் சிற்றலைகளும் அங்கேயே விழுங்கப்படும். பகலாக இருக்கும் பாதி உலகம் முழுக்கச் சிற்றலைப் பேச்சு அறுந்துபோகும். இருட்டில் இருக்கும் மறு பாதிக்கு ஒன்றும் ஆகாது. லாட்டரிப் பணம் நிற்காது என்பதும் உண்மை: வெடிப்பு ஓய்ந்ததும் ஒரு மணி நேரம் போல ஆகி எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஃபிளேர்களை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகைப்படுத்துவார்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் பத்து மடங்கு. 2017 செப்டம்பர் 6 அன்று எக்ஸ்9.3 அளவில் ஒன்று வெடித்தது; அந்தச் சுழற்சியிலேயே அதுதான் பெரியது. அதே நாளில் இர்மா சூறாவளி கரீபியன் தீவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. தொலைத்தொடர்புக் கோபுரங்கள் சாய்ந்த நேரத்தில் கடைசி நம்பிக்கையாக இருக்கும் சிற்றலை அவசரத் தொடர்பு, காலை வெளிச்சத்தில் இருந்த அந்தத் தீவுகளில் தடைபட்டது.

இரண்டாவதாக வருபவை புரோட்டான்கள். பெரிய வெடிப்புகளோடு கிளம்பும் இவை சில பத்து நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்தில் வந்து சேரும். மின்னேற்றம் உள்ளவை என்பதால் பூமியின் காந்தப்புலம் இவற்றைத் துருவங்களை நோக்கித் திருப்பிவிடுகிறது. அங்கே டி அடுக்கு நாள்கணக்கில் தடித்துக் கிடக்கும், சூரியனே உதிக்காத துருவ இரவிலும்கூட. வட துருவத்துக்கு மேலாகப் பறக்கும் விமானங்கள் சிற்றலையை நம்பியிருப்பதால், இந்த நாட்களில் தெற்கே தள்ளிச் சுற்றிப் போகின்றன.

மூன்றாவதுதான் நிஜமான தொல்லை. சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவிலிருந்து காந்தப்புலத்தைச் சுமந்துகொண்டு ஒரு பெரும் பிளாஸ்மா மேகமே, அதாவது மின்னேற்றத் துகள்களின் கூட்டமே, கிளம்பி வரும். சாதாரணமாக ஒன்று முதல் நான்கு நாள் ஆகும். 1859இல் வந்த கேரிங்டன் புயல் பதினேழரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அந்த மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தப்புலத்தோடு எளிதாக இணைந்து ஆற்றலை உள்ளே கொட்டும். அதுவே புவிக்காந்தப் புயல்.

புயல் வந்தால் எலக்ட்ரான்கள் பெருகும் என்றுதான் புதிதாகக் கேட்பவர்கள் எதிர்பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதல் சில மணி நேரத்தில் பல இடங்களில் அப்படி நடக்கவும் செய்யும்: காற்றும் மின்புலமும் எஃப்2 அடுக்கை மேலே தூக்கிவிடும், அங்கே செலவு குறைவு. ஆனால் அடுத்த நாள் பார்த்தால் நடு அட்சரேகைகளில் எஃப்2 பாதியாகக்கூட இளைத்திருக்கும். காரணம் துருவப் பகுதியில் இருக்கிறது. அங்கே 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஓடும் பெரும் மின்னோட்டங்கள் காற்றைச் சுட வைக்கின்றன. சூடான காற்று விரிந்து எழும்போது, கீழே இருந்த மூலக்கூறுகளையும் எஃப்2 உயரத்துக்குக் கொண்டுவருகிறது. காற்றோட்டம் அதைப் பூமத்திய ரேகைப் பக்கமாகப் பரப்புகிறது. மூலக்கூறு அரிதாக இருந்ததால்தானே எஃப்2க்குச் சேமிப்பு நின்றது? இப்போது மூலக்கூறு ஏராளம். சூரிய வெளிச்சம் துளியும் குறையவில்லை, வரவு அப்படியே இருக்கிறது. செலவு எகிறிவிட்டது. சில நாள் வரைக்கும் உயர் சிற்றலைப் பட்டைகள் செத்துக் கிடக்கும்.

ஃபிளேர் டி அடுக்கின் வரவை ஏற்றுகிறது, புயல் எஃப் அடுக்கின் செலவை ஏற்றுகிறது. இரண்டுக்கும் விளைவு ரேடியோ கேட்காமல் போவது என்பதால் செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

சிற்றலை யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் தங்கள் கைபேசியின் வரைபடத்தைப் பார்க்கலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றின் சைகை அயனி மண்டலம் முழுவதையும் கடந்துதான் கீழே வர வேண்டும். வழியில் எலக்ட்ரான் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தாமதம். தாமதத்தைத் தூரம் என்று கருவி எடுத்துக்கொள்வதால், கணக்கில் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை பிழை வரும். ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரணக் கருவி, செயற்கைக்கோளே அனுப்பும் ஒரு தோராயச் சூத்திரத்தை வைத்து இதில் ஏறக்குறையப் பாதியைக் கழித்துவிடும். இரண்டு அதிர்வெண்களைப் பிடிக்கும் கருவிக்கு வேலை எளிது: இரண்டின் தாமதமும் வேறுவேறு என்பதால், வித்தியாசத்தை வைத்தே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம்.

அதுவும் மண்டலம் சமமாகப் பரவியிருந்தால்தான். காந்தப் பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில், சூரிய உச்ச ஆண்டுகளின் முன்னிரவில் ஒரு கூத்து நடக்கும். பொழுது சாய்ந்ததும் கீழ் அடுக்குகள் வேகமாகக் காலியாகிவிடும். எஃப் அடுக்கு மட்டும் கனமாக மேலே நிற்கும். அடியில் லேசானது, மேலே பாரமானது. தண்ணீருக்கு அடியிலிருந்து எண்ணெய் எழுவது போல, எலக்ட்ரான் குறைந்த குமிழ்கள் எஃப் அடுக்கைக் கிழித்துக்கொண்டு எழும். அவற்றின் ஊடாக வரும் சைகை நட்சத்திரம் போல மினுக்கும், சில சமயம் கருவி பிடியை விட்டுவிடும்.

2024 மே 10 அன்று சூரியனிலிருந்து பல பிளாஸ்மா மேகங்கள் அடுத்தடுத்து வந்து மோதியபோது, 2003 அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாக உச்ச வகைப் புயல் அறிவிக்கப்பட்டது. வழக்கமாகத் தெரியாத ஊர்களிலெல்லாம் துருவ ஒளியைப் படம் பிடித்தார்கள். அமெரிக்காவின் மத்திய மேற்கில் அப்போது விதைப்புப் பருவம். சில சென்டிமீட்டர் துல்லியத்தில் ஜிபிஎஸ் வழிகாட்ட ஓடும் டிராக்டர்கள் தடம் தவறின, பலர் வேலையை நிறுத்திவைத்தார்கள்.

டி அடுக்கைப் பற்றி ஒன்று பாக்கி. 2003 நவம்பர் 4 அன்று வெடித்த ஃபிளேர், செயற்கைக்கோள்களில் இருந்த எக்ஸ் கதிர் உணர்விகளையே திணறடித்தது. ஊசி உச்சத்தில் போய் ஒட்டிக்கொண்ட மாதிரி, எக்ஸ்17ஐத் தாண்டியதும் அவற்றால் அளக்க முடியவில்லை. எக்ஸ்28 இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். கப்பற்படைகள் பயன்படுத்தும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளை டி அடுக்கு விழுங்குவதில்லை. அவை அதன் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும். எக்ஸ் கதிர் கூடினால் அந்த அடிப்பரப்பு கீழே இறங்கும், அலை போய்வரும் பாதை சுருங்கும். பசிபிக் கடலுக்கு மேலே அன்று பாதை எவ்வளவு சுருங்கியது என்பதைத் தங்கள் பதிவுகளிலிருந்து கணக்கிட்டு, அந்த ஃபிளேரின் அளவு சுமார் எக்ஸ்45 என்று சொன்னார்கள். உணர்விகள் நிரம்பி வழிந்தபோதும், அந்த அன்றாடங்காய்ச்சி அடுக்கு கடைசி வரை அளந்துகொண்டிருந்தது.